ஈரடுக்குக் காந்தத்தை மின்னழுத்தத்தால் திருப்புவது: குரோமியம் டிரை அயோடைடில் முதல் சாதனம் செய்பவர்களுக்கு

ஒரு காந்தத்தின் திசையை மாற்ற, சுருளில் மின்னோட்டம் செலுத்திக் காந்தப்புலம் உண்டாக்குவதுதான் பழகிய வழி. மின்னோட்டம் ஓடினால் வெப்பமும் கூடவே வரும். நினைவகச் சில்லுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்த வெப்பம்தான் பெருந்தொல்லையாகிறது. வெறும் மின்னழுத்தத்தால், மின்னோட்டமே இல்லாமல் காந்த நிலையை மாற்ற முடிந்தால் செலவாகும் ஆற்றல் வெகுவாகக் குறையும். சாதாரண இரும்புக் கட்டியில் இது நடக்காது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஏராளம். வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலத்தை மேற்பரப்பின் ஓரிரு அணு ஆழத்துக்குள்ளேயே அவை மறைத்துவிடும், உட்பகுதிக்கு எதுவும் எட்டாது. பொருள் முழுவதுமே ஓரிரு அணு அடுக்குதான் என்றால் கதை வேறு. அங்கே மறைவதற்கு உட்பகுதி என்று ஒன்று இல்லை.

அப்படிப்பட்ட காந்தங்கள் 2017இல் கைக்கு வந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷியாவ்தாங் ஷூவின் குழுவும் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹாரியோ-ஹெரேரோவின் குழுவும் சேர்ந்து, குரோமியம் டிரை அயோடைடின் ஒற்றை அடுக்கு 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக (அணுக் காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் காந்தமாக) இருப்பதைக் காட்டின. அடுத்த ஆண்டே ஈரடுக்கின் காந்த நிலையை மின்னழுத்தத்தால் மாற்றும் சோதனைகள் வெளிவந்தன. ஷூவின் குழு ஒருபுறம், ஜீ ஷான், கின் ஃபாய் மாக் ஆகியோரின் குழு மறுபுறம். அந்தச் சோதனையை முதன்முறையாகச் செய்யப்போகும் ஆய்வு மாணவருக்காக இதை எழுதுகிறோம். கருவிகள் உங்கள் ஆய்வகத்திலோ பக்கத்து ஆய்வகத்திலோ இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறோம்.

ஒற்றை அடுக்கை விட்டு ஏன் ஈரடுக்கு

ஒவ்வொரு அடுக்கும் தனியே ஒரு ஃபெர்ரோ காந்தம். ஸ்பின்கள், அதாவது அணுக்களின் சிறு காந்தங்கள், அடுக்கின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் இருக்கவே விரும்புகின்றன. மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுழியம். ஆனால் இந்த விருப்பம் பலவீனமானது: சுமார் 0.6 முதல் 0.7 டெஸ்லா வரையிலான செங்குத்துக் காந்தப்புலம் போதும், இரண்டும் ஒரே பக்கம் திரும்பிவிடும். பலவீனமான பிணைப்பு என்பதால்தான் மின்னழுத்தமும் அதை அசைக்க முடிகிறது.

கட்டிப் படிகத்தில் அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன, கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ காந்த ஒழுங்கு மறையும் வெப்பநிலை) 61 கெல்வின். ஈரடுக்கு மட்டும் ஏன் மாறுகிறது? அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் பொருந்தி உட்கார்கின்றன என்பதில்தான் விடை. கட்டிப் படிகம் 200 கெல்வினுக்குச் சற்று மேலேயே அறைவெப்பநிலை அமைப்பிலிருந்து வேறோர் அமைப்புக்கு நழுவுகிறது. மெல்லிய செதில்களோ அறைவெப்பநிலைப் பொருத்தத்திலேயே உறைந்துவிடுகின்றன. அந்தப் பொருத்தம்தான் எதிர்ஃபெர்ரோ காந்தப் பிணைப்பை, அதாவது அடுக்குகள் எதிரெதிராக நிற்கும் விருப்பத்தை, தருகிறது. செதிலை அழுத்தினால், சுருக்கினால், குமிழியின்மேல் படியவிட்டால் சில இடங்களில் பொருத்தம் மாறி அங்கே காந்தமும் வேறாகிவிடும். செதில் தட்டையாக இருக்க வேண்டும் என்று பின்னால் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டு கேட், இரண்டு விளைவு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே செய்முறைக்கு முன் இதைத் தெளிவாக்கிவிடுவோம். ஈரடுக்கின் மேலும் கீழும் ஒவ்வொரு கேட் (மின்காப்புக்கு அப்பால் இருந்து மின்னழுத்தம் தரும் மின்முனை) இருக்கும். இரண்டுக்கும் ஒரே குறியுள்ள மின்னழுத்தம் கொடுத்தால் செதிலுக்குள் மின்னூட்டம் சேரும்: எலக்ட்ரான்களோ துளைகளோ (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்). எதிரெதிர்க் குறி கொடுத்தால் மொத்த மின்னூட்டம் மாறாமல், செதிலின் ஊடாக ஒரு மின்புலம் மட்டும் செல்லும். இரண்டும் காந்தத்தை வெவ்வேறு வழியில் மாற்றுகின்றன.

மின்புலம் மட்டும் சென்றால், இரண்டு அடுக்குகளுக்கும் இடையே மின்னூட்டம் சிறிது இடம்பெயரும். ஒரு அடுக்கின் திருப்புத்திறன் மற்றதைவிடச் சிறிது கூடும், அதனால் முழுதாகக் கழிந்துபோயிருந்த இடத்தில் சிறு காந்தம் மிஞ்சும். அது மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். இதுவே நேரியல் காந்தமின் விளைவு. காந்தப்புலம் சுழியமாக இருக்கும்போதே இது தெரிய வேண்டும். மேல் அடுக்கு மேலும் கீழ் அடுக்கு கீழுமாக இருக்கும் நிலைக்கு ஒரு சரிவு, தலைகீழான நிலைக்கு அதே அளவில் எதிர்ச்சரிவு.

மின்னூட்டம் சேர்த்தால் நடப்பது வேறு. எலக்ட்ரான்கள் கூடக்கூட அடுக்குகளுக்கிடையிலான எதிர்ப்பிணைப்பு தளர்கிறது. திரும்பும் புலமும் 0.6 டெஸ்லாவிலிருந்து இறங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 × 10¹³ எலக்ட்ரான்களைத் தாண்டினால், வெளிக் காந்தப்புலமே இல்லாமல் ஈரடுக்கு ஃபெர்ரோ காந்தமாகிவிடுகிறது என்று ஷான்–மாக் குழு 2018இல் காட்டியது. துளைகள் சேர்த்தால் எதிர்ப்பக்கம்: ஒற்றை அடுக்கில்கூட கியூரி வெப்பநிலையும் தெவிட்டுக் காந்தமும் கூடுகின்றன.

கணக்கு எளிது. ஒவ்வொரு கேட்டின் மின்னழுத்தத்தையும் அதன் மின்காப்பின் தடிமனால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைகளின் கூட்டுத்தொகையை மின்காப்பு மாறிலியாலும் வெற்றிட விடுதிறனாலும் பெருக்கி எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் மின்னூட்ட அடர்த்தி. அதே இரண்டு விடைகளின் வித்தியாசத்தில் பாதி, சராசரி மின்புலம். நம் மின்காப்பான ஹெக்சாகனல் போரான் நைட்ரைடுக்கு மின்காப்பு மாறிலி 3 என்று வைத்துக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டு: மேல் போரான் நைட்ரைடு 20 நானோமீட்டர், கீழது 30 நானோமீட்டர். மேலே +4 வோல்ட், கீழே +6 வோல்ட் கொடுத்தால் இரண்டிலும் நானோமீட்டருக்கு 0.2 வோல்ட்; சேரும் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6.6 × 10¹². மேலே +4, கீழே −6 கொடுத்தால் அடர்த்தி சுழியம், மின்புலம் மட்டும் நானோமீட்டருக்கு 0.2 வோல்ட்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு முக்கியமான விஷயம் புலப்படும். 2.5 × 10¹³ எட்ட, இரண்டு மின்காப்புகளிலும் நானோமீட்டருக்கு சுமார் 0.75 வோல்ட் தேவை. போரான் நைட்ரைடு நானோமீட்டருக்கு 1 வோல்ட்டை நெருங்கும்போதே முறியும் அபாயம் தொடங்கிவிடும். மெல்லிய போரான் நைட்ரைடு எடுத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். தப்பிக்க முடியாது. தடிமன் குறைந்தால் தேவையான வோல்ட் எண்ணிக்கைதான் குறையும், மின்காப்பு தாங்க வேண்டிய புலம் அப்படியே இருக்கும். ஆகவே முதல் சாதனத்தில் சுழியப் புலத்தில் முழுத் திருப்பலை இலக்காக வைக்காதீர்கள். நானோமீட்டருக்கு 0.3 வோல்ட்டுக்குள் நின்று, நேரியல் விளைவையும் திரும்பும் புலத்தின் நகர்வையும் சுத்தமாக அளந்து காட்டுங்கள். அதுவே முழுமையான முடிவு.

கையில் இருக்க வேண்டியவை

ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் 0.5 பங்குக்குக் கீழ் இருக்கும் க்ளோவ் பாக்ஸ், அதற்குள்ளேயே ஒரு நுண்ணோக்கியும் அடுக்கும் மேடையும். 4 கெல்வின் வரை போகும், ஒளி நுழையும் கிரையோஸ்டாட். செங்குத்தாக 1 டெஸ்லாவாவது தரும் காந்தம், 2 டெஸ்லா இருந்தால் வசதி. 633 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர், ஒளியின் தளவிளைவை மாற்றி மாற்றித் தரும் ஒளிமீட்சி மாடுலேட்டர், குறித்த அதிர்வெண்ணில் உள்ள சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி. கசிவு மின்னோட்டத்தை அளந்துகொண்டே மின்னழுத்தம் தரும் சோர்ஸ் மீட்டர் இரண்டு.

படிகத்தை நீங்களே வளர்க்க வேண்டியதில்லை, நம்பகமான இடத்தில் வாங்கலாம். வளர்ப்பதானால் குரோமியம் தூளும் அயோடினும் 1:3 மோல் விகிதத்தில் வெற்றிடக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, ஒரு முனை 650 டிகிரி, மறுமுனை 550 டிகிரி செல்சியஸ் என்று ஒரு வாரம் வைப்பார்கள். அயோடின் அளவு கூடினாலோ சூடாக்கும் வேகம் கூடினாலோ உள்ளழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். பழக்கம் உள்ளவர் உடனிருந்தால் மட்டுமே அந்த வேலையில் இறங்குங்கள்.

உரித்தெடுப்பது

குரோமியம் டிரை அயோடைடுக்குக் காற்றும் ஈரமும் எதிரி, ஒளி அந்தச் சிதைவை விரைவுபடுத்தும். ஈரத்தில் உள்ள நீர் அயோடினின் இடத்தைப் பிடிக்கிறது. வெளிச்சம் பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். திறந்த நிலையில் உள்ள மெல்லிய செதில் காற்றில் சில நிமிடம்கூடத் தாங்காது. விளிம்பில் சிறு துளிகள் போலக் கிளம்பி உள்நோக்கிப் பரவுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அப்படி ஒரு துளி தெரிந்தாலும் அந்தச் செதிலை ஒதுக்கிவிடுங்கள்.

285 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் துண்டுகளை முன்பே சுத்தம் செய்து, சூடாக்கி ஈரம் போக்கி, க்ளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். ஒட்டுநாடாவில் படிகத்தை இரண்டு மூன்று முறை மடித்துப் பிரித்தால் போதும். அதிகம் மடித்தால் செதில் பொடியாகி, 5 மைக்ரோமீட்டர்கூடக் கிடைக்காது. நாடாவைச் சிலிக்கான்மேல் மெதுவாக அழுத்தி, அதைவிட மெதுவாக உரியுங்கள்.

தேடும்போது நுண்ணோக்கி விளக்கைக் குறைத்து, 630 நானோமீட்டருக்கு அருகில் உள்ள சிவப்பு வடிகட்டி போடுங்கள். இதில் இரண்டு நன்மை: செதிலுக்குக் கெடுதல் குறைவு, அடுக்குக்கு அடுக்கு மாறுபாடும் படிப்படியாகத் தெளிவாகத் தெரியும். ஒரே செதிலில் ஒற்றை அடுக்குப் பகுதியும் ஈரடுக்குப் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதையே எடுங்கள். ஒற்றை அடுக்கு உங்களுக்கு உள்ளமைந்த அளவுகோலாக இருக்கும், பின்னால் காந்த அளவீட்டில் பெரிதும் உதவும்.

போரான் நைட்ரைடையும் கிராஃபைட்டையும் வெளியிலேயே உரித்துக்கொள்ளலாம். போரான் நைட்ரைடு 20 முதல் 30 நானோமீட்டர். நிறத்தை வைத்துத் தேர்ந்து, அணுவிசை நுண்ணோக்கியில் தடிமனை அளந்து குறித்துவையுங்கள். இந்த எண் தவறினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தவறும். கேட்டுக்கான கிராஃபைட் 3 முதல் 6 நானோமீட்டர் இருந்தால் ஒளி தாராளமாகப் புகும். தடித்த கிராஃபைட் சமிக்ஞையைத் தின்றுவிடும்.

அடுக்குவது

முழு அடுக்கையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். புதியவர்களுக்கு அதைவிட இரண்டு பாதியாகச் செய்வதையே பரிந்துரைப்போம். கீழ்ப்பாதி: தங்க மின்முனைகள் உள்ள சிலிக்கான் துண்டில் கீழ்க் கேட் கிராஃபைட், அதன்மேல் கீழ்ப் போரான் நைட்ரைடு. இதில் குரோமியம் டிரை அயோடைடு இன்னும் இல்லை, அதனால் கரைப்பானில் கழுவலாம், வெற்றிடத்தில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி பாலிமர் எச்சத்தைப் போக்கலாம், அணுவிசை நுண்ணோக்கியில் தட்டையா என்று பார்க்கலாம். கேட் மின்னழுத்தம் கொடுத்துக் கசிவையும் சோதித்துவிடலாம். இத்தனையும் தேறிய பிறகுதான் க்ளோவ் பாக்ஸுக்குள் போக வேண்டும்.

மேல்பாதியைப் பி.டி.எம்.எஸ். (மென்மையான சிலிக்கோன் ரப்பர்) குவிமாடத்தின்மேல் விரித்த பாலிகார்பனேட் படலத்தால் எடுக்கிறோம்; இந்தக் குவிமாடத்தையே ஸ்டாம்ப் என்கிறோம். வரிசை: மேல் கேட் கிராஃபைட், மேல் போரான் நைட்ரைடு, தொடுமுனைக் கிராஃபைட் (ஈரடுக்கைத் தரையோடு இணைப்பது), கடைசியாக ஈரடுக்கு. ஒவ்வொன்றையும் தொட்டு எடுக்கும்போது மேடை 60 முதல் 90 டிகிரி வரை இருக்கட்டும். தொடுகோடு செதிலின்மேல் நகர்வது கண்ணுக்குத் தெரியும். அது நொடிக்கு ஓரிரு மைக்ரோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வேகமாகப் போனால் குமிழி அடைபடும், பின்னுக்கு இழுக்கும்போது ஈரடுக்கு கிழியும். பிறகு கீழ்ப்பாதியின்மேல் பொருத்தி, மேடையை 170 டிகிரிக்கு ஏற்றினால் படலம் உருகி ஸ்டாம்பைவிட்டுப் பிரியும். குளிர்ந்ததும் குளோரோஃபார்மில் சில நிமிடம் வைத்துப் படலத்தைக் கரையுங்கள். இரண்டு போரான் நைட்ரைடுகளுக்கும் நடுவில் மூடப்பட்டுவிட்டதால் இந்தச் சில நிமிடத்தை ஈரடுக்கு தாங்கும். தாங்க வேண்டுமானால் போரான் நைட்ரைடு எல்லாப் பக்கமும் அதன் விளிம்பைவிட 3 மைக்ரோமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

மேல் கேட், கீழ்க் கேட், தொடுமுனை என்று மூன்று கிராஃபைட்டுகளும் தங்கத்தைத் தொட வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. அதனால் அவை வெவ்வேறு திசையில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். செதில்களின் படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, சுழற்றவேண்டிய கோணத்தைக் குறித்துக்கொண்ட பிறகே ஸ்டாம்பைத் தொடுங்கள். வீணாகும் சாதனங்களில் பல, கைநடுக்கத்தால் வீணாவதில்லை. மேல் கேட்டின் வால் தொடுமுனையின்மேல் விழுந்து குறுக்குச்சுற்றாகிவிடும்; வரைபடம் போட்டிருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும்.

தொடுமுனை இல்லாமல் விடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விடக்கூடாது. குரோமியம் டிரை அயோடைடு மின்கடத்தாப்பொருள். 4 கெல்வினில் தரையோடு இணைக்காத செதிலில் மின்னூட்டம் எப்போது, எவ்வளவு நுழைகிறது என்று சொல்லவே முடியாது. கிராஃபீனை ஈரடுக்கின்மேல் முழுதாகப் பரப்புவதும் ஒரு வழி, அதில் மின்னூட்டம் சீராக நுழையும். ஆனால் அப்போது கணக்கில் வரும் அடர்த்தியில் ஒரு பங்கு கிராஃபீனிலேயே தங்கும், இன்னொரு பங்கு கேட் கொடுக்கும் முன்பே கிராஃபீனிலிருந்து ஈரடுக்குக்குப் போயிருக்கும். எண்ணை வெளியிடும்போது அது மொத்த அடர்த்தி என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஒளியால் காந்தத்தைப் படிப்பது

சில மைக்ரோமீட்டர் அகலமும் ஒன்றரை நானோமீட்டர் தடிமனும் உள்ள பொருளின் காந்தத்தை வழக்கமான காந்தமானியால் அளக்க முடியாது. எதிரொளிக்கும் ஒளி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறோம். செங்குத்தாக விழும் லேசரை 1 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவித்து, மாடுலேட்டரால் 50 கிலோஹெர்ட்ஸில் இடவட்ட, வலவட்டத் தளவிளைவுக்கு (ஒளியின் மின்புலம் இடமாக, வலமாகச் சுழலும் நிலைகளுக்கு) இடையே மாற்றி மாற்றி அனுப்பி, எதிரொளியை லாக்-இன்னில் அதே 50 கிலோஹெர்ட்ஸில் படித்தால் காந்த வட்ட இருநிறமை (அந்த இரு நிலைகளின் எதிரொளிப்பில் காந்தம் உண்டாக்கும் வேறுபாடு) கிடைக்கும். தளவிளைவுற்ற ஒளியின் தளம் எவ்வளவு சுழன்றது என்ற கெர் கோணம் வேண்டுமானால், பகுப்பானைச் சேர்த்து 100 கிலோஹெர்ட்ஸில் படிக்க வேண்டும். இரண்டையுமே மொத்த எதிரொளியால் வகுத்துச் சொல்லுங்கள். ஒற்றை அடுக்கில் கெர் கோணம் சில மில்லிரேடியன் வரும். ஆக்சைடு, போரான் நைட்ரைடு தடிமன்களின் குறுக்கீட்டால் இது சாதனத்துக்குச் சாதனம் மாறும், குறிகூட மாறலாம். அதனால் வேறொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை நேராக ஒப்பிட வேண்டாம்.

லேசர் சக்தி செதிலின்மேல் 10 மைக்ரோவாட்டுக்குள் இருக்கட்டும். சூடாகிறதா என்று அறிய ஒரு நேரடிச் சோதனை உண்டு. வெப்பநிலையை 40 கெல்வினில் நிறுத்தி, ஒற்றை அடுக்குப் பகுதியில் 2, 5, 10 மைக்ரோவாட்டில் சமிக்ஞையை அளந்து பாருங்கள். கியூரி வெப்பநிலைக்கு இவ்வளவு அருகில் சிறிதே சூடானாலும் சமிக்ஞை சரியும். மூன்றிலும் ஒரே மதிப்பு வந்தால் கவலையில்லை.

குளிர்வித்ததும், கேட்டைத் தொடும் முன்

இரண்டு கேட்டும் தரையோடு இணைந்திருக்கட்டும். 4 கெல்வினில் காந்தப்புலத்தை +1 டெஸ்லாவிலிருந்து −1 டெஸ்லாவுக்கும் மீண்டும் +1க்கும் கொண்டுபோய் ஒரு வரைபடம் எடுங்கள். ஈரடுக்கு என்றால் நடுவில் சுழியத்தை ஒட்டிய தட்டையான பகுதியும், ±0.6 முதல் 0.7 டெஸ்லாவுக்குள் திடீர்த் தாவலும் வரும். ஒற்றை அடுக்கு சில பத்து மில்லிடெஸ்லாவில் திரும்பும் சதுரமான தயக்கக் கண்ணியை (போன பாதையும் திரும்பும் பாதையும் விலகி உண்டாகும் வளையத்தை) காட்டும். மூன்றடுக்கு என்றால் சுழியப் புலத்திலும் சமிக்ஞை மிஞ்சும், அதன் தாவல் ±1 டெஸ்லாவுக்கு வெளியே, இன்னும் உயர்ந்த புலத்தில்தான் வரும். நுண்ணோக்கியில் ஈரடுக்கு என்று நம்பியது உண்மையா என்பதற்கு இதுவே இறுதித் தீர்ப்பு. தாவல் இரண்டு மூன்று படிகளாகப் பிரிந்து வந்தால் லேசர் புள்ளிக்குள் குமிழியோ சுருக்கமோ இருக்கிறது, வேறிடம் பாருங்கள்.

வரைபடத்தில் புலத்தோடு நேராகச் சரியும் ஒரு பின்னணி இருக்கும். அது பொருட்குவிவில்லையிலும் சாளரத்திலும் நேரும் ஃபாரடே சுழற்சி (காந்தப்புலம் ஒளியின் தளத்தைச் சுழற்றுவது). ஈரடுக்கு இல்லாத, ஆனால் மற்ற எல்லா அடுக்கும் உள்ள பக்கத்து இடத்தில் அதே வரைபடத்தை எடுத்துக் கழித்துவிடுங்கள்.

இப்போது கேட்

முதலில் கசிவு. ஒரு கேட்டை 0.1 வோல்ட் படிகளில் ஏற்றி மின்னோட்டத்தைப் பாருங்கள். சோர்ஸ் மீட்டரின் வரம்பை 10 நானோஆம்பியரில் பூட்டிவிடுங்கள். 1 நானோஆம்பியரைத் தாண்டிச் சீராக ஏறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, அந்த மதிப்பின் 70 விழுக்காட்டை இனி மேல்வரம்பாக வையுங்கள். மின்காப்பு ஒருமுறை முறிந்தால் சாதனம் முடிந்தது. அதற்குச் சிகிச்சை கிடையாது.

அடுத்து, மின்புலம் மட்டும். +1 டெஸ்லாவுக்குப் போய்ச் சுழியத்துக்குத் திரும்புங்கள். மேல், கீழ்க் கேட்டுகளை எதிரெதிராக, தடிமன் விகிதத்தில் சேர்த்து நகர்த்துங்கள். எடுத்துக்காட்டுச் சாதனத்தில் +4, −6 முதல் −4, +6 வரை. சமிக்ஞை நேர்கோடாக மாற வேண்டும். பிறகு −1 டெஸ்லாவுக்குப் போய்ச் சுழியத்துக்கு வந்து மீண்டும் எடுங்கள். எதிர்ச்சரிவு கிடைத்தால், இரண்டு எதிர்ஃபெர்ரோ காந்த நிலைகளையும் தனித்தனியே பிடித்துவிட்டீர்கள். சரிவு அப்படியே இருந்தால் அவசரப்பட வேண்டாம், புலத்தை மீண்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்; சுழியத்தில் இரண்டு நிலைகளுக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே என்பதால், செதில் எதைத் தேர்கிறது என்பதை உள்ளே இருக்கும் சிறு சமச்சீரின்மைதான் முடிவு செய்கிறது.

மூன்றாவது, மின்னூட்டம். இரண்டு கேட்டையும் ஒரே குறியில், ஒவ்வொரு அடர்த்தியிலும் நிறுத்தி முழுக் காந்தப்புல வரைபடம் எடுங்கள். எலக்ட்ரான் பக்கம் போகும்போது தாவும் புலம் இறங்குவதையும், துளைப் பக்கம் ஏறுவதையும் அட்டவணையாக்குங்கள். அந்த அட்டவணையிலிருந்து, கேட் சுழியத்தில் இருக்கும்போது தாவலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு புலத்தைத் தேர்ந்து அங்கே நிறுத்துங்கள். இனிக் கேட்டை மட்டும் ஏற்றி இறக்கினால், ஈரடுக்கு எதிர்ஃபெர்ரோவிலிருந்து ஃபெர்ரோவுக்கு ஒரே தாவலாகப் போவதைப் பார்ப்பீர்கள். திரும்பும் பாதை போன பாதையிலிருந்து விலகியிருக்கும். கேட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தும் ஃபெர்ரோ நிலையிலேயே தங்கிவிட்டால், நீங்கள் தேர்ந்த புலம் தயக்கக் கண்ணிக்குள் இருக்கிறது. சில பத்து மில்லிடெஸ்லா குறைத்தால் இரு பக்கமும் திரும்பும்.

காந்தம் போலத் தோன்றி ஏமாற்றுபவை

கேட் மின்னழுத்தம் கிராஃபைட், கிராஃபீன் ஆகியவற்றின் எதிரொளிப்பையும் மாற்றும். ஒளியமைப்பில் சிறு கோணப் பிழை இருந்தால் அந்த மாற்றம் கெர் சமிக்ஞை வேடமிட்டு வரும். கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். காந்த நிலையைத் திருப்பினால் சமிக்ஞை குறி மாற வேண்டும். 45 கெல்வினுக்கு மேல் போனால் மறைய வேண்டும். ஈரடுக்கு இல்லாத பக்கத்து இடத்தில் வரவே கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தரவை நம்பாதீர்கள்.

கேட்டை ஏற்றி இறக்கும்போது வரைபடம் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால், லேசர் ஒளி போரான் நைட்ரைடில் உள்ள குறைகளிலிருந்து மின்னூட்டத்தைக் கிளப்பி அங்கே சிக்கவைக்கிறது. சக்தியைக் குறையுங்கள், கேட்டை மாற்றும் நேரத்தில் ஒளியை மறைத்துவிடுங்கள். நகராமல் திடீரென்று சமிக்ஞை முழுதாகக் குறைந்தால் பெரும்பாலும் லேசர் புள்ளிதான் இடம் மாறியிருக்கும். மூடிய சுற்றுக் கிரையோஸ்டாட்டில் அதிர்வாலும் வெப்பச் சுருக்கத்தாலும் இது சாதாரணம். ஒவ்வொரு வரைபடத்துக்கும் முன்னும் பின்னும் எதிரொளிப் படம் ஒன்று எடுத்துவைத்தால் சந்தேகம் வராது.

வேறு பொருள்கள்

காற்றுப்படாமல் வேலை செய்யும் வசதி உங்கள் ஆய்வகத்தில் இல்லையென்றால் குரோமியம் சல்பைடு புரோமைடு நல்ல தொடக்கம். காற்றில் தாக்குப்பிடிக்கும், கட்டிப் படிகத்தில் 132 கெல்வின் வரை எதிர்ஃபெர்ரோ காந்தம்; ஆனால் ஸ்பின்கள் தளத்துக்குள்ளேயே கிடப்பதால் செங்குத்துக் கெர் அளவீடு உதவாது, வேறு வழியில் படிக்க வேண்டும். அறைவெப்பநிலையை எட்ட விரும்புபவர்கள் இரும்பு ஜெர்மானியம் டெலுரைடைப் பார்க்கிறார்கள். ஃபூதான் பல்கலைக்கழகக் குழு 2018இல் லித்தியம் அயனி கலந்த திண்ம மின்பகுபொருளைக் கேட்டாக வைத்து, அதன் மெல்லிய செதிலின் கியூரி வெப்பநிலையை அறைவெப்பநிலைக்குக் கொண்டுவந்தது. அயனிக் கேட், போரான் நைட்ரைடால் எட்ட முடியாத 10¹⁴ அளவு அடர்த்தியைத் தரும். பதிலுக்கு அயனிகள் குளிரில் உறைந்துவிடுவதால், ஒவ்வொரு முறை கேட்டை மாற்றவும் சூடாக்க வேண்டும், வேதிவினையும் நேரலாம்.

அளவீடு முடிந்ததும் கேட்டுகளை மெதுவாகச் சுழியத்துக்கு இறக்கித் தரையோடு இணைத்த பிறகே கிரையோஸ்டாட்டைச் சூடாக்கத் தொடங்குங்கள். அறைவெப்பநிலை முழுதாக வரும்வரை வெற்றிடத்தைத் திறக்க வேண்டாம், குளிர்ந்த சாதனத்தில் பனித்துளி படிந்தால் ஈரம் விளிம்பு வழியே உள்ளே போகும். எடுத்ததும் க்ளோவ் பாக்ஸுக்குள் இருட்டில் வையுங்கள். மூடிய ஈரடுக்கும் விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கெடும். அடுத்த முறை குளிர்விக்கும்போது கேட்டைத் தொடும் முன் காந்தப்புல வரைபடத்தை மீண்டும் எடுத்து, பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.